ட்வீட்டரை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறது? குரல் நடுவுக்கே வர மாட்டேங்குது

கொங்குவண்டி:
வணக்கங்க. நம்மளுது 2024 ஸ்விஃப்ட். போன மாசம் ஒரு கடைல காம்பொனென்ட் செட் (மிட்டும் ட்வீட்டரும் தனித்தனியா வர்ற ஸ்பீக்கர் செட்) போட்டேனுங்க, ஆறரை இஞ்ச் மிட், அதான் நடு சத்தம் குடுக்கற பெரிய ஸ்பீக்கர், கம்பெனி கதவு இடத்துலயே உக்காந்துருச்சு, கீச்சு சத்தம் குடுக்கற குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரை டேஷ்போர்டு மூலைல மேல பாத்த மாதிரி ஒட்டிக் குடுத்துட்டாங்க. சவுண்டு தெளிவாத்தான் இருக்குது, ஆனா பாடுறவங்க குரல் பூராம் என் வலது ஓரத்துலயே நிக்குது, பக்கத்து சீட்ல உக்காந்தா அப்படியே இடது பக்கம் போயிடுது. வால்யூம் கூட்டுனா ச, ஷ வர்ற எடமெல்லாம் காதைக் குத்துது. கடைல கேட்டா முன் பில்லர்ல (கண்ணாடி ஓரத் தூண்ல) ஓட்டை போட்டு பாட், அதான் ட்வீட்டர் உக்கார்ற கூடு, வச்சு நேரா காதைப் பாத்து திருப்பிடலாம்ங்கறாங்க. செய்யலாமுங்களா? சவுண்டைத் திருத்துற டிஎஸ்பி பெட்டி தனியா இல்ல, ஹெட் யூனிட்ல (டேஷ்போர்டு ஸ்டீரியோல) டைம் அலைன்மென்ட், அதான் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தாமதம் வைக்கற வசதி, இருக்குது, தொட்டதில்ல.

மதுரை_பேஸ்:
தம்பி, பில்லர்ல கை வைக்கவே விடாதீங்க. உங்க வண்டில ஆறு ஏர்பேக், அதுல கர்ட்டன் ஏர்பேக் கூரை ஓரமா ஓடுது, முன் பில்லர் பக்கமும் வருது. அது விரியுற பாதைல ஒரு பாட் நின்னா அதுவே முகத்துக்குப் பறந்து வரும், ஏர்பேக்கும் ஒழுங்கா விரியாது. சவுண்டுக்காக இதுல விளையாடக் கூடாது.

காதைக் குத்துறது கண்ணாடியால. மேல பாத்த ட்வீட்டர் சத்தம் நேராவும் வரும், விண்ட்ஷீல்டுல பட்டுத் தெறிச்சும் வரும். தெறிச்சு வர்றது ஒரு 5 செமீ சுத்தி வந்துச்சுன்னு வைங்க, 3400 ஹெர்ட்ஸ் கிட்ட ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடும், 6800 கிட்ட ரெண்டும் சேந்து எழும்பும், ச ஷ வர்ற எடம் கிட்டத்தட்ட அதான். ஈக்வலைசர்ல எழும்புறத அமுக்கலாம், தின்னுட்டுப் போனத எவ்வளவு தூக்கினாலும் திரும்பாது. அதனால கண்ணாடிய விட்டு விலக்கி, சைடு மிரருக்கு உள்பக்கம் கதவுல இருக்கற முக்கோண பிளாஸ்டிக்ல வைங்க. மொதல்ல ஓட்டை போடாதீங்க, ப்ளூ டாக்ல (பிசினு மாதிரி ஒட்டி எடுக்கற பசை) ஒட்டிட்டு ஒரு வாரம் ஓட்டுங்க.

திருப்புறது எப்படின்னா, ரெண்டு சீட்டு ஹெட்ரெஸ்டுக்கும் நடுவுல ஒரு எடத்தைக் குறி வைங்க. உங்க பக்கத்து வலது ட்வீட்டர் உங்களைத் தாண்டி இடது சீட்டைப் பாக்கட்டும், தூரத்துல இருக்கற இடது ட்வீட்டர் உங்களைப் பாக்கட்டும். கிட்ட இருக்கறது கொஞ்சம் அடங்கும், தூரத்துல இருக்கறது கொஞ்சம் எடுப்பா வரும். கடைக்காரர் சொன்ன மாதிரி ரெண்டையும் காதுக்கு நேரா திருப்புனா வலது இன்னும் ஜாஸ்தியாத்தான் கத்தும்.

டேப்_அளவு:
அண்ணா சொன்ன எடம் சரி, ஆனா திருப்புனதாலயே குரல் நடுவுக்கு வந்துடும்னு நம்பிடாதீங்க. ஒரு இஞ்ச் டோம் ட்வீட்டரைத் திருப்புனா பெருசா மாறுறது 10,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருந்து மேலதான். குரலோட உடம்பு இருக்கறது 1500க்குக் கீழ, அது உங்க கதவு மிட்ல வருது. அந்த ஏரியாவுல எந்தப் பக்கம்னு காது முக்கியமா முடிவு பண்றது சத்தம் எது முன்னாடி வந்துச்சுன்னு பாத்துதான், வலது மிட் உங்க முட்டிகிட்ட இருக்கு, அது முந்திக்குது.

வழக்கமா உக்கார்ற மாதிரி சீட்ட வச்சு, மூக்குல இருந்து ரெண்டு மிட்டுக்கும் டேப் புடிங்க. ஒலி ஒரு மில்லிசெகண்டுல 34 செமீ போகும். உதாரணத்துக்கு இடது 135, வலது 90 வந்தா வித்தியாசம் 45 செமீ, அப்ப வலது பக்கத்துக்கு 1.3 மில்லிசெகண்ட் தாமதம் குடுக்கணும். உங்களுது பாஸிவ் கிராஸ்ஓவர் (சத்தத்தை மிட்டுக்கும் ட்வீட்டருக்கும் பிரிச்சுக் குடுக்கற குட்டி டப்பா), ட்வீட்டரும் மிட்டும் ஒரே சேனல்ல ஓடுது, தனித்தனியா தாமதம் குடுக்க முடியாது, அதனால மிட் தூரத்தையே கணக்கு எடுங்க. அப்புறம் மோனோவா ஒரு குரல் மட்டும் வர்ற டிராக் போட்டு 0.1, 0.1ஆ நகத்துங்க, குரல் டேஷ்போர்டு மேல ஸ்டியரிங்குக்கும் நடுவுக்கும் இடையில வந்து நிக்கற வரைக்கும்.

கடல்காத்து:
ஒண்ணு சேத்துக்கோங்க, தாமதம் குடுத்தா அது டிரைவருக்கு மட்டும்தான், பக்கத்து சீட்டுக்கு இன்னும் மோசமாயிடும். வீட்டுல எல்லாரும் ஏறுற வண்டின்னா ரெண்டு ப்ரீசெட் சேவ் பண்ணி வைங்க, குடும்பத்தோட போறப்ப தாமதம் ஆஃப். இன்னொண்ணு, ட்வீட்டர் ஒயரை பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டும் ஒரு தடவை கேளுங்க, கதவு கீழ மிட் எங்கயோ முக்கோணம் எங்கயோ, கிராஸ்ஓவர்ல ரெண்டும் சேர்ற எடத்துல ஃபேஸ் (சத்த அலையோட ஏத்த இறக்கம்) ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும். எதுல குரல் தடிமனா வருதோ அதையே ரெண்டு பக்கமும் வைங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்திடாதீங்க.

கொங்குவண்டி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். முக்கோணத்துல ஒட்டி அண்ணன் சொன்ன மாதிரி குறுக்கால திருப்பிட்டேன், குத்தல் நல்லாவே கொறஞ்சிருச்சு. டேப்_அளவு அக்கா கணக்குப்படி போட்டா எனக்கு 1.4 வந்துச்சு, 1.2ல நிக்குதுங்க குரல். இடது ட்வீட்டர் மட்டும் வெயில்ல நிறுத்துனா ப்ளூ டாக் இளகி சாஞ்சுக்குது, அதுக்கு என்ன பண்றது?

மதுரை_பேஸ்:
கோணத்தை மார்க்கர்ல குறிச்சுக்கிட்டு, வெயில் தாங்குற கார் டபுள் சைடு டேப் போடுங்க, அந்த சாம்பல் கலர் ஃபோம் டேப். பிளாஸ்டிக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடச்சு காயவிட்டு ஒட்டணும். கதவுக்கு வெளிய வர்ற ஒயர்ல கொஞ்சம் தளர்வு விட்டு வைங்க, மூடித் திறக்கறப்ப இழுத்துக்கும்.