சிங்க் பாதியில் நிற்கிறது, ஒரே ஃபோல்டர் ரெண்டு ரெண்டாக வருகிறது, அவசர உதவி தேவை

கயல்
வணக்கம். கிளவுடில் இருக்கிற என் ஆய்வேட்டு ஃபைல் எல்லாத்தையும் புது லேப்டாப்பில் சிங்க் போட்டேன். பாதி ஃபோல்டர் ஒழுங்கா வந்திருக்கு. மீதி ரெண்டு ரெண்டா நிக்குது, பெயர் அச்சு அசல் ஒண்ணேதான். ஒண்ணுல பழைய ஃபைல், இன்னொண்ணுல புதுசு. கீழே வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, முடியவே இல்லை. ஒரு செட்டை டெலீட் பண்ணிடலாமா? நாளைக்கு வழிகாட்டிக்கு அனுப்பணும். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

இரவாடி
எதையும் டெலீட் பண்ணாதீங்க. முதல்ல இதைச் சொல்லுங்க: எந்தச் சேவை? பழைய கம்ப்யூட்டர் விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? புதுசு எது? வட்டத்தை அழுத்தினா ஏதாவது எழுதி வருதா?

குமிழி
டிஸ்க்கில் இடம் இருக்கா பாருங்க. பத்துக்கு எட்டு பேருக்கு இதுதான் காரணம். இன்னொண்ணு, வந்துடுச்சுன்னு நினைக்கிற ஃபைல் எல்லாம் உண்மையில் வந்திருக்காது. இப்போ பல சேவைகள் பெயரை மட்டும் காட்டும், திறக்கும்போதுதான் இறக்கும். ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் திறங்க. 'சைஸ்' பெரிசா இருந்து 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 என்று இருந்தா, அது உங்க லேப்டாப்பில் இல்லைன்னு அர்த்தம்.

வேலன்_கணினி
ஆன்டிவைரஸை நிறுத்திட்டுப் பாருங்க. எனக்கு அதுதான் சரி பண்ணிச்சு.

இரவாடி
வேலன், ஆன்டிவைரஸ் ஃபைலைத் தடுக்கும், சரி. ஒரே பெயரில் ரெண்டு ஃபோல்டர் எப்படி உருவாக்கும்?

பழங்கணினி
கேள்வி கேட்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. சேவையின் பெயர் இல்லை, இயங்குதளம் இல்லை, பிழைச் செய்தி இல்லை. 'வட்டம் சுற்றுகிறது' என்பது ஒரு தகவலே அல்ல. இதைப் புதியவர்களிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. மேலும், சிங்க் என்பது பேக்கப் அல்ல. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ஆய்வேடு எழுதுகிறவர் மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைத் தெரிந்துகொண்டுதான் தொடங்கியிருக்க வேண்டும்.

குமிழி
விதி சரிதான் ஐயா, ஆனா அவங்களுக்கு நாளைக்கு அனுப்பணும்.

கயல்
இடம் நிறைய இருக்கு. புதுசு விண்டோஸ் 11, பழசு மேக், அதை ரொம்ப நாள் வச்சிருந்தேன். எர்ரர் எதுவும் வரலை, '1 ஐட்டம் பாக்கி' என்று மட்டும் இருக்கு. ரெண்டா வந்தவை: தொகுப்பு, நோக்கம், போட்டோ. ஒழுங்கா வந்தவை: படங்கள், நேர்காணல், அத்தியாயம் 1, அத்தியாயம் 2. சிங்க் முடியறதுக்குள்ள அதே பெயரில் எல்லா ஃபோல்டரையும் நானே புது லேப்டாப்பில் போட்டு வேலையை ஆரம்பிச்சுட்டேன், நேரமில்லாததால.

ஒற்று
கயல், நீங்க கொடுத்த பட்டியலிலேயே விடை இருக்கு. ரெண்டா வந்த மூணு பெயரையும் பாருங்க: தொ, நோ, போ. ஒழுங்கா வந்ததில் ஒகர, ஓகார உயிர்மெய் ஒண்ணுகூட இல்லை.

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 'தொ' எழுத ரெண்டு வழி உண்டு. த-வுக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறியை வைக்கலாம். இல்லைன்னா 'ெ', 'ா' என்று ரெண்டு குறியா வைக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஓகாரத்திலும் ஔகாரத்திலும் இதே நிலைதான். தரப்படி ரெண்டும் சமம், ரெண்டும் சரி. ஆனா மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் அமைப்பு எல்லாப் பெயரையும் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். 2017இல் அதற்குப் பதிலாக ஏபிஎஃப்எஸ் வந்த பிறகும், முன்பே பிரிந்துபோன பெயர்கள் பெரும்பாலும் அப்படியேதான் தொடரும். விண்டோஸில் நீங்க தட்டச்சு செய்தது சேர்ந்த வடிவம். விண்டோஸ் ரெண்டையும் ஒப்பிட்டுச் சமம் என்று பார்ப்பதில்லை, குறிகள் வேறு என்றால் அதற்கு வேறு பெயர்தான். உங்க சிங்க் மென்பொருளும் அதைச் சரி பண்ணாம அப்படியே கடத்தியிருக்கு.

உறுதி பண்ண ஒரு வழி. ஒரு 'தொகுப்பு' ஃபோல்டரில் ரீநேம் கொடுங்க, 'தொ'வுக்கும் 'கு'வுக்கும் நடுவில் கர்சரை வச்சு பேக்ஸ்பேஸை ஒரு முறை அழுத்துங்க. 'தெ' என்று மிஞ்சினா அது பிரிந்த வடிவம், மேக்கில் இருந்து வந்தது. 'த' என்று மிஞ்சினா இங்கே தட்டச்சு செய்தது. பார்த்ததும் எஸ்கேப் அழுத்திடுங்க, பெயர் மாறாது.

இரவாடி
அருமை. பாக்கி நிக்கிற 1 ஐட்டத்துக்கு என் ஊகம்: மேக்கில் பெயருக்குள்ள கேள்விக்குறி வச்ச ஃபைல் ஏதாவது இருக்கா? விண்டோஸ் பெயர்களில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள், செங்குத்துக் கோடு இதெல்லாம் வரக்கூடாது. அப்படி ஒரு ஃபைலை உருவாக்கவே விடாது. கிளவுடை பிரவுசரில் திறந்து தேடுங்க.

பழங்கணினி
இதற்குத்தான் ஆரம்பத்திலிருந்தே ஆங்கிலத்தில் பெயர் வைக்கச் சொல்கிறேன். யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் பெயர் வைத்து, கணினி மாறியதும் ஒன்றையும் படிக்க முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபைலுக்குள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் தமிழில் எழுதுங்கள். பெயர் மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும். இதுதான் முறை.

ஒற்று
ஐயா, இதில் உங்களோடு உடன்பட முடியலை. இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. தலையில் குறி வைத்த பிரெஞ்சு எழுத்துகளுக்கும் இதேதான் நடக்குது. மேக்கில் இருந்து விண்டோஸுக்குப் போன கொரியப் பெயர்கள் உதிரி எழுத்துகளா உடைஞ்சு தெரியும், அவங்களுக்கு நம்மைவிடப் பெரிய தொல்லை. அவங்க யாரும் தங்கள் மொழியில் பெயர் வைப்பதை விட்டுடலை. பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவது மென்பொருளின் வேலை. தமிழ் யூனிகோடுக்குள் வந்தது 1991இல், முதல் பதிப்பிலேயே. இன்னுமா நாம ஒதுங்கிப் போகணும்?

பழங்கணினி
ஒதுங்கச் சொல்லவில்லை. லினக்ஸில் இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் அமைப்பில் பெயருக்கு 255 பைட் எல்லை. ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 85 குறி. மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டிரண்டு குறி என்பதால், கண்ணுக்குத் தெரியும் எழுத்து 50 தாண்டுவதே சிரமம். கட்டுரைத் தலைப்பை முழுசாகப் பெயராக வைக்கிறவர்கள் இதில் மாட்டாமல் இருக்க மாட்டார்கள்.

மாணவன்_லினக்ஸ்
இது எனக்கு நடந்திருக்கு! விண்டோஸில் இருந்த நீளமான தமிழ்ப் பெயர் ஃபைல் லினக்ஸுக்கு வரவே இல்லை. 'பெயர் மிக நீளம்' என்று வந்தது, எண்ணிப் பார்த்தா 60 எழுத்துகூட இல்லை. இப்பத்தான் காரணம் புரியுது.

ஒற்று
அந்த எல்லை உண்மை, மறுக்கலை. அதனால பெயரைச் சுருக்கமா வைக்கச் சொல்லுங்க, நானும் சொல்வேன். 'தொகுப்பு' எட்டு குறி, 24 பைட். இது எந்த எல்லையிலும் இடிக்காது. சுருக்கமா வை என்பதும் தமிழில் வைக்காதே என்பதும் ஒண்ணு இல்லை.

வேலன்_கணினி
எல்லாரும் சிங்திங்குக்கு மாறிட்டா இந்தத் தொல்லையே இருக்காது. கிளவுடே வேண்டாம், கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நேரா.

இரவாடி
சிங்திங்கில் பெயர்களைத் தானே ஒரே வடிவுக்கு மாத்தும் அமைப்பு இருக்கு, அந்த வகையில் நல்லதுதான். ஆனா அவங்க பழைய மேக் இப்போ ஓடுதான்னே தெரியாது. ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஆன்ல இருந்தாத்தான் அது வேலை செய்யும்.

கயல்
பேக்ஸ்பேஸ் பண்ணிப் பார்த்தேன். ஒண்ணுல தெ, ஒண்ணுல த!!! இப்போ என்ன செய்யணும்?

ஒற்று
முதல்ல சிங்க்கை பாஸ் பண்ணுங்க. புதுசா எழுதிய ஃபைல்கள் மேலே ஏறியாச்சான்னு சந்தேகம் இருந்தா, அவற்றை மட்டும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்குங்க. பிறகு எல்லாத்தையும் பிரவுசரில் செய்யுங்க, லேப்டாப்பில் வேண்டாம்.

'தெ' வந்த ஃபோல்டரின் பெயரை மாத்துங்க. பெயருக்குப் பின்னால 'பழையது' என்று சேர்த்தா போதாது, பிரிந்த 'தொ' உள்ளேயே இருக்கும். முழுசா அழிச்சுட்டுப் புதுசா 'பழைய தொகுப்பு' என்று தட்டச்சு செய்யுங்க. அதில் இருக்கிறதை 'தொகுப்பு'க்கு நகர்த்துங்க. உள்ளே ஒரே பெயரில் ரெண்டு ஃபைல் இருந்தா தேதியை மட்டும் நம்பாதீங்க, சிங்க் ஆகும்போது தேதி மாறியிருக்கலாம். திறந்து பார்த்து முடிவு பண்ணுங்க. பழையது முழுசா காலியான பிறகுதான் டெலீட். அப்புறம் நோக்கம், போட்டோ ரெண்டுக்கும் இதே மாதிரி. கடைசியில் சிங்க்கை மறுபடி ஓடவிடுங்க.

நூற்றுக்கணக்கில் பெயர் மாத்த வேண்டியவங்க லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவியைப் பார்க்கலாம், எல்லாப் பெயரையும் மொத்தமா சேர்ந்த வடிவுக்கு மாத்தும்.

பழங்கணினி
கான்வ்எம்வி முதலில் சோதனை ஓட்டமாகத்தான் ஓடும், என்ன மாறும் என்று காட்டும். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டே உண்மையாக ஓட்ட வேண்டும். ஒற்று சொன்ன வரிசை சரியானது, அதை மாற்றாதீர்கள்.

கயல்
தொகுப்பும் நோக்கமும் சேர்ந்துடுச்சு. 'யார் குரல் இது?' என்று ஒரு ஆடியோ இருந்தது, கேள்விக்குறியை எடுத்ததும் வட்டம் நின்னுடுச்சு. அத்தியாயத்தை அனுப்பிட்டேன். போட்டோவில் மட்டும் இன்னும் கை வைக்கலை, ரெண்டுலயும் ஒரே பெயரில் நிறைய இருக்கு. எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

ஒற்று
மகிழ்ச்சி. போட்டோவில் ஒரே பெயர் இருந்தா அளவை பைட் கணக்கில் ஒப்பிடுங்க. வேறா இருந்தா கண்டிப்பா வேற ஃபைல், ரெண்டையும் வச்சுக்குங்க. கேமரா எண்ணிக்கையைத் திரும்ப ஆரம்பிச்சா வேற வேற படத்துக்கும் ஒரே பெயர் வரும். அளவு ஒண்ணா இருந்தாலும் படத்தைத் திறந்து பார்த்துட்டே ஒண்ணை எடுங்க. தவறி எடுத்துட்டா கிளவுடின் குப்பைத்தொட்டியில் தேடுங்க, பல சேவைகளில் 30 நாள் வரை இருக்கும்.