பதில்: கன்வஸ், சேர்ட்டிஃபிகேஷன் – ‘ஒப்புதல்’ வேண்டாமே

ஐயாவுக்கும் குழுவினருக்கும் திருகோணமலையிலிருந்து வணக்கம். அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் வரும் கன்வஸ் (canvass: எண்ணிய வாக்குகளைச் சரிபார்த்தல்), சேர்ட்டிஃபிகேஷன் (certification: முடிவை உறுதிசெய்து கையெழுத்திடுதல்) இரண்டுக்கும் தமிழில் என்ன போடலாம் என்பதற்கு என் பதில் இது. முதலில் ஐயாவின் கேள்வி:

> மாநிலங்கள் தேர்தல் முடிவுக்கு ‘ஒப்புதல்’ அளிக்கின்றன என்றால் எல்லாருக்கும் விளங்குமே. புதுச்சொல் எதற்கு?

விளங்கும் ஐயா, ஆனால் பிழையாக விளங்கும். ஒப்புதல் என்றால் தரலாம், தராமலும் விடலாம். அமெரிக்காவில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு சுதந்திரம் இல்லை. 2020 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் வெய்ன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வாக்குகளைச் சரிபார்க்கும் சபையில் இருந்த நான்கு பேர், ஜனாதிபதித் தேர்தல் முடிவில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்று முதலில் இரண்டுக்கு இரண்டு முட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று இரவே நால்வரும் இணங்கினார்கள். ‘ஒப்புதல்’ என்று செய்தியில் படிக்கிற ஒருவர், அந்த நால்வர் நினைத்தால் ஜனாதிபதியையே மாற்றலாம் என்றுதானே எடுத்துக்கொள்வார்? 2022இல் அந்த மாநில மக்கள் வாக்களித்துத் தங்கள் மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். சபையின் வேலை தற்றுணிபு (சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை) இல்லாத எழுதுவினைஞர் (குமாஸ்தா) வேலைதான் என்று இப்போது அதிலேயே இருக்கிறது.

எங்களிடம் கைவசம் ஒரு சொல் உண்டு. தேர்தலை நடத்தி முடிவை அறிவிக்கிறவரை இலங்கையில் ‘தெரிவத்தாட்சி அலுவலர்’ என்போம். தமிழ்நாட்டில் ‘தேர்தல் நடத்தும் அலுவலர்’. நடந்ததை நடந்தது என்று எழுதிக் கையெழுத்திடுவதுதான் அத்தாட்சி. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் போட வேண்டிய கையெழுத்து. ஆகவே சேர்ட்டிஃபிகேஷனுக்கு ‘அத்தாட்சிப்படுத்தல்’. ‘சான்றுப்படுத்தல்’ என்றாலும் எனக்குச் சண்டை இல்லை. ‘ஒப்புதல்’, ‘அங்கீகாரம்’ இரண்டும்தான் வேண்டாம்.

அடுத்தது கன்வஸ். இது இன்னும் சிக்கல். வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பதற்கும் அதே ஆங்கிலச் சொல்தான். அகராதியை நம்பிக் ‘கன்வஸ் சபை’யைப் ‘பிரசார சபை’ ஆக்கினால் கதை கந்தல். உண்மையில் அது, எண்ணி முடிந்த பிறகு சாவடி சாவடியாக ஏடுகளை எடுத்து, வந்த வாக்காளர் எத்தனை, சீட்டு எத்தனை, இயந்திரம் காட்டியது எத்தனை என்று பொருத்திப் பார்க்கும் வேலை.

இதை நான் வாக்கெண்ணும் மண்டபத்தில் சிறிய அளவில் செய்திருக்கிறேன். பெட்டியின் முத்திரையை வேட்பாளர்களின் முகவர்கள் பார்த்த பிறகு உடைத்து, சீட்டுகளை மேசையில் கொட்டுவோம். யாருக்கு விழுந்தது என்ற பேச்சே அப்போது இல்லை. மொத்தச் சீட்டு எத்தனை என்று எண்ணி, சாவடியிலிருந்து வந்த வாக்குச்சீட்டுக் கணக்கோடு பார்ப்போம். ஒன்று குறைந்தாலும் மேசையே அமைதியாகிவிடும்; திரும்ப எண்ண வேண்டும். அது சரி வந்த பிறகுதான் வேட்பாளர் வாரியாகப் பிரிப்பது.

எங்களுக்கு இதற்குத் தனிச்சொல் இல்லாததற்குக் காரணம், எல்லாம் ஒரே இரவில் நடந்துவிடுவதுதான். இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு 2024 செப்டெம்பர் 21 வாக்களிப்பு. யாரும் 50 வீதத்தைத் தாண்டாததால் வரலாற்றில் முதல் முறையாக, வாக்காளர் அடுத்த தெரிவாகக் குறித்த இரண்டாம் விருப்பையும் எண்ண வேண்டி வந்தது. அப்படியும் 22ஆம் திகதி இரவுக்குள் முடிவு அறிவித்தாயிற்று. அமெரிக்காவில் இது வாரக்கணக்கில் இழுக்கும், அதனால் பெயரும் தேவைப்படுகிறது.

உயர்தர வணிகப் பிரிவில் படித்தவர்களுக்கு ‘வங்கிக் கணக்கிணக்கக் கூற்று’ ஞாபகம் இருக்கும். நம் ஏடும் வங்கியின் ஏடும் ஏன் ஒத்துவரவில்லை என்று வரி வரியாகத் தேடுவது. அதே வேலைதான் இதுவும். ‘வாக்குக் கணக்கிணக்கம்’ என்று முன்மொழிகிறேன். சபைக்குக் ‘கணக்கிணக்கச் சபை’.

ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு ஜனவரி 6இல் அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்றம்) செய்வதையும் பலர் ‘சான்றளிப்பு’ என்றே எழுதுகிறார்கள். அங்கே மாநிலங்களிலிருந்து வந்த தேர்வாளர் (ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகள்) வாக்குகளைத் திறந்து எண்ணுவதுதான் நடக்கிறது. 2022 சட்டத்தின்படி துணை ஜனாதிபதிக்கு அதில் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. ஆட்சேபிக்க ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும். அதை ‘எண்ணல்’ என்றே விடுவோம். (இந்தத் தேர்வாளர் குழுவை, ஆங்கிலத்தில் Electoral College என்பதால், ‘தேர்தல் கல்லூரி’ என்று எழுதுகிறவர்களுக்கு என் தனிப்பட்ட கண்டனம். அங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை.)

---

தம்பி, வணக்கம்.

‘அத்தாட்சிப்படுத்தல்’ எனக்குச் சம்மதம். ‘கணக்கிணக்கம்’ மட்டும் சென்னையில் எடுபடுமா? இங்கே வங்கிக் கணக்குக்கு ‘சரிக்கட்டும் பட்டியல்’ என்றுதான் படித்தோம். ‘சரிக்கட்டுதல்’ என்று தேர்தல் செய்தியில் போட்டால் கலவரம் வந்துவிடும்.

---

ஐயா, சிரித்துவிட்டேன். அப்படியானால் ‘சரிக்கட்டுதல்’ வேண்டவே வேண்டாம்! தமிழ்நாட்டு வாசகருக்கு முதல் தடவை வரும்போது ‘வாக்குக் கணக்கிணக்கம், அதாவது எண்ணிய வாக்கையும் ஏட்டையும் பொருத்திப் பார்த்தல்’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. அமெரிக்காவில், வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்று சாவடியில் தகராறு வந்தால், அவரது சீட்டை வாங்கித் தனி உறையில் வைத்து, தகுதியைப் பார்த்த பிறகே சேர்ப்பார்கள். ‘தற்காலிக வாக்கு’ என்கிறார்கள். வாக்கில் தற்காலிகம் ஒன்றும் இல்லை, முடிவுதான் நிலுவையில் இருக்கிறது. ‘நிலுவை வாக்கு’ எப்படி?