குகனின் புது வீட்டு அற்றிக்

குகன்: [படம்] புதிதாக வாங்கிய வீட்டின் அற்றிக்கை, அதுதான் சீலிங்குக்கு மேலே கூரைக்கடியில் உள்ள இடத்தை, திறந்து பார்த்தேன். மரச்சட்டங்களுக்கு நடுவில் இதுதான் கொட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை சீலிங்குக்குள் பதிக்கும் பொட் லைற் போட ஆள் வருகிறார். அதற்கு முன் கூட்டி அள்ளிவிடலாம் என்று நினைக்கிறேன்.

சுதா அக்கா: தம்பி, கை வைக்காதே! மூடியைப் போட்டுவிட்டு இறங்கு. வீடு எந்த ஆண்டு கட்டினது?

குகன்: 1954. ஏன் அக்கா?

சுதா அக்கா: பொன்னிறமும் சாம்பலுமாக, அடுக்கடுக்காக, நெல்லுப் பொரிந்த மாதிரி இருக்கிறதே, அது வெர்மிகுலைற் என்ற கனிமம். வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்க அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். அதில் அஸ்பெஸ்ரஸ் என்ற ஆபத்தான நார்க் கனிமம் கலந்திருக்கலாம்.

ரஞ்சன் மாமா: பிள்ளை, ஊரில் அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழேதானே எல்லோரும் படுத்தெழும்பினோம்?

சுதா அக்கா: மாமா, சீற்றில் நார் சீமெந்தோடு இறுகியிருக்கும். அதையும் வெட்டக்கூடாது, உடைக்கக்கூடாது. இது உதிரி, கிளறினாலே எழும்பும். கண்ணுக்கும் தெரியாது, மணமும் இல்லை. சுவாசப்பையில் போய்த் தங்கினால் சுவாசப்பைப் புற்றுநோய், அதன் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும்.

பெரியம்மா: ஐயோ, அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே!

சுதா அக்கா: பயப்படாதேங்கோ பெரியம்மா. கிளறாமல் மேலேயே கிடந்தால் ஆபத்து மிகக் குறைவு.

குகன்: பூச்சாடிக்குப் போட வெர்மிகுலைற் கடையில் விற்கிறார்களே?

சுதா அக்கா: எல்லாவற்றிலும் அஸ்பெஸ்ரஸ் இல்லை. அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கத்தில் இரண்டும் சேர்ந்தே கிடந்தன. 1990இல் அதை மூடும்வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைற்றில் 70 வீதத்துக்கு மேல் அங்கிருந்து வந்ததுதான். சோனொலைற் என்ற பெயரில் கனடாவுக்கும் வந்தது. சுரங்கத்துக்குள் இறங்காத வீட்டுக்காரருக்கும் நோய் வந்தது, வேலைக்காரரின் உடுப்பில் ஒட்டிவந்த தூசியால். 2009இல் அந்த ஊருக்கு அமெரிக்க அரசு பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தது.

குகன்: ஒரு பிடி அள்ளி லாப்புக்கு அனுப்பட்டுமா?

சுதா அக்கா: நீ அள்ளாதே. நார் சீராகப் பரவியிருக்காது. ஒரு பிடியில் இல்லை என்றால் முழுக்க இல்லை என்று அர்த்தமில்லை. இருக்கிறது என்றே நினைத்து நட. வக்கூம் அடிக்காதே, சாதாரண வக்கூம் நாரை வீடு முழுக்கப் பரப்பிவிடும். கடையில் வாங்கும் தூசி மாஸ்க்கும் போதாது. பொட் லைற்றுக்குச் சீலிங்கில் துளை போட்டால் எல்லாம் அந்தப் பெடியனின் தலையில் கொட்டும். அவரிடம் இப்போதே சொல்லு.

நிமலன் (மிச்சிகன்): அக்கா, எங்கட வீடும் பழையது. எடுக்க நிறையச் செலவாகுமே?

சுதா அக்கா: ஓம், பயிற்சி பெற்ற கம்பனிதான் எடுக்க வேண்டும். ஆனால் உங்கள் அமெரிக்கப் பக்கம் சோனொலைற் என்று உறுதியானால் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தர ஒரு நம்பிக்கை நிதியம் இருக்கிறது. வேலை தொடங்க முன் அதன் விதிகளைப் பார், படங்களும் எடுத்து வை.

குகன்: ஆளிடம் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வரமாட்டார். எடுக்கும்வரை என்ன செய்வது?

சுதா அக்கா: மேலே சாமான் வைக்காதே, யாரையும் ஏறவிடாதே. மூடியைச் சுற்றியும் லைற்றுகளைச் சுற்றியும் உள்ள வெடிப்புகளை அறைக்குள் நின்றே கோக்கிங் என்ற அடைப்புப் பசை போட்டு அடை. திறந்தபோது கீழே ஏதும் விழுந்ததா?

குகன்: கொஞ்சம், அலுமாரிக்குள். மூடி அதற்கு மேலேதான் இருக்கிறது.

சுதா அக்கா: கூட்டாதே. ஈரத் துணியால் மெல்லத் துடைத்து, துணியையும் பையில் கட்டி வை. உதறாதே.

பெரியம்மா: பிள்ளையின் உடுப்பு அந்த அலுமாரியிலா இருக்கிறது?

குகன்: இல்லை பெரியம்மா, அது மற்ற அறையில்.