அறிவியல் நாளுக்கு வருபவர்களை ஆய்வுக்குள் அழைத்து வருவது எப்படி?

கேள்வி: நீர்ப்பாசி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஏரிகளில் வாழும் நுண்பாசிகளைப் பற்றியது எங்கள் குழுவின் ஆய்வு. ஆண்டுக்கு ஒருமுறை பல்கலைக்கழகம் தன் ஆய்வகங்களைப் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துவிடுகிறது. இந்த ஆண்டு எங்கள் துறைக்கான பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மற்றொரு பக்கம், கட்டுரைகளையும் தரவுகளையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும் என்னும் திறந்த ஆய்வுக் கொள்கையையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இவ்விரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கின்றன; ஆனால் ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியவில்லை. சென்ற ஆண்டு எங்கள் நுண்ணோக்கியின் முன் நீண்ட வரிசை நின்றது. வந்தவர்கள் ஒருமுறை குனிந்து பார்த்தார்கள், வியந்தார்கள், அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும், "இந்தப் பச்சையும் அந்தப் பச்சையும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன?" என்று கேட்டாள். பின்னால் பலர் காத்திருந்ததால் அவளுக்கு நான் அரைகுறையாகவே விடை சொல்லி அனுப்பினேன். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. இரண்டு ஆண்டுகளில் நாங்கள் எடுத்த ஆயிரக்கணக்கான நுண்ணோக்கிப் படங்களும், நீரின் தெளிவு குறித்த அளவீடுகளும் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படிதான் இருக்கின்றன. எங்கள் குழுவுக்கு வெளியே ஒருவர்கூட அவற்றைத் தொட்டதாகத் தெரியவில்லை.

பார்க்க வருபவர்களை, அவர்கள் விரும்பினால், அந்தத் தரவு வரை அழைத்துச் செல்ல வழி உண்டா? அவ்வாறு செய்தவர்கள் இங்கு இருந்தால் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். இன்னும் வெளியிடாத படங்களை முன்கூட்டியே திறந்துவிட்டால், வேறொரு குழு முந்திக்கொண்டு கட்டுரை எழுதிவிடும் என்று என் நெறியாளர் அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 1: பழைய ஒருங்கிணைப்பாளர்

இத்தகைய நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நாங்களும் தொடக்கத்தில் விடை தெரிந்தவற்றையே மேசையில் வைத்தோம். முடிந்துபோன ஆய்வைக் காட்டினால் பார்வையாளருக்குக் கைதட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. உங்கள் குழுவுக்கே இன்னும் விளங்காத ஒன்றை அவர் முன் வையுங்கள். அந்த இடத்தில்தான் அவருடைய கண்ணுக்கும் கேள்விக்கும் தேவை பிறக்கிறது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது 2007இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கெவின் ஷவின்ஸ்கி, விண்மீன் திரள்களின் படங்களில் 50,000ஐத் தாமே கண்ணால் பார்த்து வகைப்படுத்தியிருந்தார். ஸ்லோன் வான்நோக்குத் திட்டத்திலிருந்து கிடைத்த படங்களோ ஏறத்தாழ 9 லட்சம். எனவே அவரும் கிறிஸ் லின்டாட்டும் மற்றவர்களும் சேர்ந்து அப்படங்களை இணையத்தில் வைத்து, இது சுருள் வடிவமா, நீள்வட்ட வடிவமா, சுருள் என்றால் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பொதுமக்களிடமே கேட்டார்கள். முதல் ஓராண்டில் ஒன்றரை லட்சம் பேர் 5 கோடிக்கும் மேற்பட்ட விடைகளைத் தந்தார்கள். உங்களிடமும் படங்கள் குவிந்து கிடக்கின்றன என்பதால் இந்த ஒப்புமை பொருந்தும் என்று நினைக்கிறேன்.

விடைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு செய்திகளை நான் பெரிதாகக் கருதுகிறேன். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹனி வான் ஆர்கெல் என்னும் ஆசிரியை, ஒரு படத்தின் ஓரத்தில் தெரிந்த விளங்காத திட்டைக் கண்டு, "இது என்ன?" என்று அத்திட்டத்தின் விவாதக் களத்தில் கேட்டார். அருகிலுள்ள விண்மீன் திரளின் நடுவே முன்பு பிரகாசமாக இருந்து பிறகு மங்கிப்போன குவேசாரின் (பெருங்கருந்துளையைச் சுற்றி ஒளிரும் மையத்தின்) ஒளியால் ஒளிர்ந்த வாயு முகில் அது என்று பின்னர் தெரியவந்தது. அவர் கேள்வி கேட்பதற்கு ஓர் இடமும், அதைப் படித்துப் பதில் சொல்லும் ஆய்வாளரும் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் திட்டு திட்டாகவே கிடந்திருக்கும்.

இரண்டாவது, தரம் பற்றியது. இடஞ்சுழிச் சுருள்களே அதிகம் என்று விடைகள் காட்டின. பிரபஞ்சத்தில் உண்மையிலேயே அப்படி ஒரு சாய்வு உண்டா என்ற ஐயம் எழுந்தபோது, சில படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி மறுபடியும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் இடஞ்சுழியே மிகுந்து வந்தது! சாய்வு வானத்தில் இல்லை, பார்ப்பவரின் கண்ணிலும் மனத்திலும் இருக்கிறது என்று அதனால் விளங்கியது. பொதுமக்களின் விடைகளை நம்பலாமா என்று யாரேனும் உங்களிடம் கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லுங்கள். எல்லா அளவீட்டிலும் பிழை உண்டு. அதைச் சோதிக்கும் வழியை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதுதான் ஆய்வாளரின் கடமை. ஒரே படத்தைப் பலருக்குக் காட்டுங்கள். வல்லுநர் ஏற்கெனவே வகைப்படுத்திய சிலவற்றையும் இடையிடையே கலந்து வையுங்கள்.

நிகழ்ச்சி நாளுக்கு ஒரே ஒரு யோசனை. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் விளக்கட்டும். மற்றொருவர் விளக்காமல், வருபவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று வாசலில் எண்ணுவதைவிட அந்தக் குறிப்பேடு உங்களுக்கு அதிகம் சொல்லும். அந்தச் சிறுமியின் கேள்வி அதில் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

மறுமொழி 2: தரவு நூலகர்

களஞ்சியத்தில் இருக்கிறது என்பதும் பயன்படுத்த முடிகிறது என்பதும் ஒன்றல்ல. கண்டறியவும், அணுகவும், பிற தரவுகளோடு இணைக்கவும், மறுபடி பயன்படுத்தவும் இயல வேண்டும் என்று 2016இல் வெளியான ஃபேர் நெறிகள் கூறுகின்றன. உங்கள் கோப்புறையை, துறைக்குத் தொடர்பே இல்லாத நண்பர் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். எந்தப் படம் எந்த ஏரியில், எந்த நாளில், எத்தனை மடங்கு உருப்பெருக்கத்தில் எடுக்கப்பட்டது என்று அவரால் சொல்ல முடிகிறதா? அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் "தெளிவு" என்று மட்டும் எழுதியிருந்தால் அது மீட்டரா, சென்டிமீட்டரா என்று அவர் எப்படி அறிவார்? நுண்ணோக்கியோடு வந்த மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்புகளாக இருந்தால், எவரும் திறக்கக்கூடிய பொதுவான வடிவத்திலும் ஒரு படியைச் சேர்த்துவிடுங்கள். எளிய மொழியில் ஒரு பக்க அறிமுகக் குறிப்பு கட்டாயம் இருக்கட்டும். நான் பார்த்த வரையில், பயன்படாமல் கிடக்கும் தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு பக்கமே இல்லை.

உரிமத்தையும் வெளிப்படையாக எழுதுங்கள். உரிமம் குறிப்பிடாத தரவை, நேர்மையாக நடக்க விரும்புபவர் தொடவே தயங்குவார். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், உருவாக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டு எப்படியும் பயன்படுத்தலாம் என்னும் வகை படங்களுக்குப் பொருந்தும். எண்களாலான அளவீடுகளுக்கு எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் வகையையே நான் பரிந்துரைப்பேன்.

இனி உங்கள் நெறியாளரின் அச்சம். அதை நான் எளிதாக எண்ணவில்லை. ஒரு மாணவியின் பட்டமும் அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும், மூடி வைத்தால்தான் முன்னுரிமை கிடைக்கும் என்பது சரியன்று. களஞ்சியம் தரும் நிலையான அடையாள எண்ணும், பதிவான நாளும், அந்தத் தரவை முதலில் எடுத்தவர் நீங்கள் என்பதற்குச் சான்று. 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்சைவ் களஞ்சியத்தில் இயற்பியலாளர்கள் இதழில் வருமுன்னரே தங்கள் கட்டுரைகளை இட்டு வருகிறார்கள். அங்கே பதிவான நாளைக் கொண்டே யார் முந்தியவர் என்று அத்துறையினர் அறிகிறார்கள். மனித மரபணுத்தொகைத் திட்டத்தில் பங்கேற்றவர்கள் 1996இல் பெர்முடாவில் கூடி, 1,000 கார இணைகளுக்கு (டி.என்.ஏ.வின் எழுத்துகளுக்கு) மேல் நீளமுள்ள வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிடுவது என்று உடன்பட்டார்கள். அவ்வளவு விரைவு உங்களுக்குத் தேவையில்லை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் பெற்றவர்களுக்கு, தாங்கள் எடுத்த தரவை ஓராண்டு தாங்கள் மட்டுமே பயன்படுத்தும் உரிமை நெடுங்காலம் இருந்தது. அதன் பின் தரவு அனைவருக்கும் பொதுவானது. அதுபோல், கட்டுரை எழுதி முடித்த முதல் ஆண்டின் படங்களை இப்போதே திறந்துவிட்டு, இரண்டாம் ஆண்டின் படங்களுக்கு ஒரு நாளைக் குறித்து, அந்த நாளையும் அறிவித்துவிடலாம். நாள் குறிக்காத தாமதத்தைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்பதும் இல்லை. பார்வையாளர்களின் பெயர், தொலைபேசி எண் ஆகியவை எந்நிலையிலும் பொதுத் தரவில் சேரக்கூடாது. அரிய உயிரினம் இருக்கும் இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளையும் மழுக்கியே வெளியிட வேண்டும்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற ஆசிரியர்

நான் வரிசையில் நிற்கும் பக்கத்தைச் சேர்ந்தவன். ஒருமுறை ஒரு பல்கலைக்கழக நிகழ்ச்சியில் கேட்ட உரை என்னை மிகவும் கவர்ந்தது. உரையாற்றியவரின் கட்டுரையைப் படிக்க விரும்பி, அவர் திரையில் காட்டிய முகவரியைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடினேன். பணம் செலுத்தினால்தான் படிக்கலாம் என்ற பக்கம் வந்து நின்றது. "எல்லோரும் வாருங்கள்" என்று அழைத்துவிட்டு வாசலைச் சாத்தியதுபோல் இருந்தது எனக்கு. இதழின் அச்சுப் பக்கம் இல்லாவிட்டாலும், மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் சொன்ன இரண்டு வழிகளில் இப்படித் தாமே களஞ்சியத்தில் சேர்ப்பதும் ஒன்றாம். மேசையில் எந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டாலும், பல்கலைக்கழகக் கணக்கு இல்லாத ஒரு கைபேசியில் அது திறக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள் அம்மா.

மறுமொழி 4: சமூகவியல் மாணவன்

மேலே சொன்னவை யாவும் பல்கலைக்கழகம் கொடுக்கிறது, மக்கள் பெறுகிறார்கள் என்ற திசையிலேயே பெரிதும் செல்கின்றன. மறுதிசையையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் பெய்த மழையோடு கதிரியக்க சீசியம் இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் படிந்தது. ஆடுகளை விற்கவும் வெட்டவும் அரசு தடை விதித்து, மூன்று வாரங்களில் நிலைமை சீராகும் என்றது. சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் களிமண் நிலங்களில் செய்த ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்ட கணிப்பு அது. மலையில் இருந்ததோ அமிலத்தன்மை கொண்ட கரிமண். அதில் சீசியம் வேர் வழியாக ஏறிப் புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்குமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012இல்தான். களிமண் தூவிய வேலிக்குள் ஆடுகளை அடைத்துச் சோதித்தபோது, திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடுகள் அடைத்து வைத்தால் மெலிந்துவிடும், அந்தச் சோதனையின் முடிவு பயன்படாது என்று மேய்ப்பவர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் சொல்லை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு அந்தச் சோதனை கைவிடப்பட்டது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் இதை விரிவாக ஆராய்ந்தார். மக்களிடம் இருப்பது அறியாமை மட்டுமே, அதை நிரப்புவதே நம் வேலை என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்று அந்த ஆய்வைப் படித்தபின் எனக்கு விளங்கியது.

ஏரியில் மீன் பிடிப்பவர்களும், கரையில் நாள்தோறும் நடப்பவர்களும் உங்கள் மேசைக்கு வரக்கூடும். நீர் எப்போது பச்சையாகிறது, எந்தக் காற்றில் படலம் எந்தக் கரைக்கு ஒதுங்குகிறது என்று அவர்களிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறை மாதிரி எடுக்கச் செல்லும் குழுவுக்கு இடைப்பட்ட நாள்களைச் சொல்ல அவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நீர்ப்பாசி

அனைவருக்கும் நன்றி. நெறியாளரிடம் பேசினேன். நாள் குறித்துத் திறக்கும் யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார்.

கரையில் நடப்பவர்களைப் பற்றிப் படித்ததும் எங்கள் கருவியே நினைவுக்கு வந்தது. நீரின் தெளிவை நாங்கள் அளப்பது செக்கி தட்டால். இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865இல் கடலில் சோதித்துப் பார்த்த எளிய வட்டத் தட்டு. ஏரிகளுக்கு, கறுப்பும் வெள்ளையுமாகக் கால்பங்குகள் தீட்டிய 20 சென்டிமீட்டர் தட்டு போதும். அளவு குறித்த கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். நண்பகலை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்கினால் ஒருவர் அளவை மற்றவர் அளவோடு ஒப்பிடலாம். 1994இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய செக்கி டிப்-இன் திட்டத்தில் தன்னார்வலர்கள் இதே முறையில்தான் அளந்து அனுப்புகிறார்கள்.

ஆகவே எங்கள் மேசையில் இம்முறை அந்தத் தட்டும், ஒரு வரைபடமும் இருக்கும். பாசியின் எண்ணிக்கை குறைந்திருந்தும் நீர் கலங்கலாகவே இருந்த ஆறு வாரங்கள் அந்த வரைபடத்தில் உள்ளன. காரணம் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. "தெரியவில்லை" என்றே பெரிய எழுத்தில் எழுதப்போகிறேன்.

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. படங்களை வகைப்படுத்தியவர்களுக்கும் ஏரியில் அளந்து தந்தவர்களுக்கும் கட்டுரையில் எவ்வாறு இடம் தருவது?

மறுமொழி 5: தரவு நூலகர்

முன்னுதாரணம் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான, புரதங்களின் மடிப்பைக் கண்டுபிடிக்கும் ஃபோல்டிட் என்னும் கணினி விளையாட்டில், குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரசின் நொதியமைப்பை விளையாடியவர்கள் மூன்று வாரங்களுக்குள் கண்டறிய உதவினார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவிழாதிருந்த சிக்கல் அது. 2011இல் வந்த கட்டுரையில் அந்த விளையாட்டுக் குழுக்களின் பெயர்கள் ஆசிரியர் வரிசையிலேயே இடம்பெற்றன. விடையைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பங்களித்தவர்களுக்கு அந்த வரிசை. சில படங்களையோ அளவுகளையோ தந்தவர்களுக்கு நன்றியுரையிலும் தரவுக் களஞ்சியத்தின் பங்களிப்பாளர் பட்டியலிலும் பெயர். எது எந்த எல்லை என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே எழுதி, மேசையில் படிக்கும்படி வையுங்கள். இசைவுப் படிவத்தில், பெயர் வெளியிட வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு கட்டம் விடுங்கள்.