தைராய்டு மாத்திரையோடு இரும்பு, கால்சியம் மாத்திரைகளை எப்படிப் பிரித்துத் தருவது?

கேள்வி:
வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் மாத்திரையைப் பல ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் எடுத்து வருகிறார். இரத்தச்சோகை தெரிந்தபின் இரும்புச்சத்து மாத்திரையும், எலும்புக்காகக் கால்சியமும், வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி-யும் சேர்ந்தன. மறந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாக விழுங்கிவிடுகிறார். இப்போது டி.எஸ்.எச். (உடலில் தைராக்சின் குறைந்தால் இரத்தத்தில் உயரும் ஹார்மோன்) 3-லிருந்து 9 ஆகியிருப்பதால், தைராக்சினை 100-ஆக உயர்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சேர்த்து விழுங்குவதுதான் காரணமாக இருக்குமா?

மருந்தாளுநர் ஒருவரின் பதில்:
பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இரும்பும் கால்சியமும் குடலில் தைராக்சினோடு பிணைந்து, அது இரத்தத்தில் சேர்வதைக் குறைத்துவிடுகின்றன. ஆகவே தைராக்சினுக்கும் இவற்றுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். எழுந்ததும் தைராக்சினை வெறும் தண்ணீரோடு கொடுங்கள். காபியும் சிற்றுண்டியும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே. கால்சியம் கார்பனேட் கரைவதற்கு வயிற்று அமிலம் தேவைப்படுவதால் அதை மதியச் சாப்பாட்டோடு தரலாம். கால்சியம் இரும்பையும் தடுக்கும் என்பதால், இரும்பு மாத்திரையை மாலைக்குத் தள்ளி, எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள். தேநீர் அருந்துபவரானால் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

இதைவிட அவசரமான ஒன்று உண்டு. 100 மைக்ரோகிராமைத் தொடங்குமுன், மாத்திரைகள் ஒன்றாக எடுக்கப்பட்டு வந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அளவையும் கூட்டி இடைவெளியும் விட்டால் தைராக்சின் மிகுந்துபோய்ப் படபடப்பு வரலாம். நாள்பட்டால் இந்த வயதில் எலும்பும் இதயத் துடிப்பும்கூடப் பாதிக்கப்படலாம். அவர் பழைய அளவையே தொடரச் சொன்னாலும், 6 முதல் 8 வாரத்தில் மறுபரிசோதனை தேவை.

கேட்டவர்:
மிக்க நன்றி. நாளையே மருத்துவரைப் பார்க்கிறோம். கால்சியம் அட்டையைப் பார்த்தபோது, அதிலும் வைட்டமின் டி3 500 யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. முடி உதிர்வுக்காகத் தங்கை வாங்கித் தந்த பயோட்டின் மாத்திரையையும் அம்மா எடுக்கிறார். இவற்றால் தீங்கு உண்டா?

மருந்தாளுநர்:
அந்த 500 யூனிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் 60,000 யூனிட் மருந்தைப் பெரும்பாலும் சில வாரங்களுக்கு மட்டுமே எழுதுவார்கள். சீட்டில் எத்தனை வாரம் என்று பாருங்கள். காலம் கடந்தும் தானாகவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து, குமட்டல், தீராத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று வெளிப்படக்கூடும்.

பயோட்டினை நீங்கள் குறிப்பிட்டது நல்லதாயிற்று. அது மருந்தைத் தடுப்பதில்லை, பரிசோதனையைக் குழப்புகிறது. பல ஆய்வகங்களின் முறையில் டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டப்படும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் ஆய்வகப் பரிசோதனைகள் குறித்து இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே அம்மாவின் உண்மையான அளவு 9-ஐவிடக் கூடுதலாகவும் இருந்திருக்கலாம். அடுத்த பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிட்டு, இரத்தம் எடுப்பவரிடமும் அதைச் சொல்லுங்கள். நாளை போகும்போது, கடையில் தாமாக வாங்கியவை உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.