பெட்ரோல் மினி லாரி: அன்றாடம் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: வலங்கைமான் விவசாயி

அனைவருக்கும் வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக டீசல் வண்டியே ஓட்டிவந்த நான், சென்ற மாதம் 58,000 கிலோமீட்டர் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் மினி லாரி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விடியற்காலையில் கும்பகோணம் சந்தைக்கு வாழைத்தாரும் காய்கறியும், அறுவடை நேரத்தில் களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையும் ஏற்றுவதற்காக வாங்கியது. டீசல் வண்டியில் எதை எப்போது பார்க்க வேண்டும் என்பது எனக்குக் கைப்பழக்கம். அந்தப் பழக்கம் பெட்ரோல் வண்டிக்கு எதுவரை பொருந்தும் என்பதுதான் விளங்கவில்லை.

இன்னொன்று, பாரத்தோடு ஆற்றுப்பாலத்தின் மேட்டில் ஏறும்போது வண்டி இரண்டு மூன்று முறை உதறுகிறது. வெறும் வண்டியாக ஓட்டினால் உதறுவதில்லை. விற்றவரிடம் சர்வீஸ் ரசீது எதுவும் இல்லை. சம்பா அறுவடை தொடங்குவதற்குள் வண்டியைச் சரியாக்கிவிட வேண்டும் என்பதால், அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கும்பகோணம் பட்டறைக்காரர்

வணக்கம் தம்பி. முதலில் உதறலைப் பார்ப்போம், ஏனென்றால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்துவதால் உண்டாகும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு முறையும் பிளக்கில் பொறி விழுந்தால்தான் எரியும். பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டியிருக்கிறது. முனை தேய்ந்த பிளக்கோ, ரப்பர் உறையில் வெடிப்பு விட்ட காயிலோ (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) இருந்தால் சரியாக அந்த நேரத்தில்தான் பொறி தவறும். வெறும் வண்டியில் தெரியாமல் மேட்டில் மட்டும் மிஸ்ஸிங் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்பது மாறாமல் ஒரு துணியில் வரிசையாக வையுங்கள். முனை இளம் காப்பி நிறத்தில் இருந்தால் எரிப்பு சரியாக நடக்கிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது பொறி தவறுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால்தான் சுற்ற வேண்டும். பிளக் மாட்டும் ஹெட் அலுமினியத்தால் ஆனது, மரை ஒருமுறை பிய்ந்துவிட்டால் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். பொறி தவறிய சிலிண்டரிலிருந்து எரியாமல் வெளியேறும் பெட்ரோல், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் எரிந்து அதையே உருக்கிவிடும். ஆகவே எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

காலையில் சாவி போடுவதற்கு முன், சமதரையில் நிற்கும் வண்டியின் எஞ்சின் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும். பெட்ரோல் வண்டியில் அது தேன் நிறத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் கறுக்கும். நிறத்தோடு மணத்தையும் கவனியுங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் எரியாத பெட்ரோல் கீழே இறங்குகிறது என்று பொருள். பால் கலந்தது போல் இருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது, அந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. கூலண்டின் அளவை ரிசர்வ் பாட்டிலிலேயே பார்க்கலாம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து கையையும் முகத்தையும் வேகவைத்துக்கொண்டவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து வைக்கோல். அறுத்த கதிரையும் உளுந்துச் செடியையும் சாலையில் பரப்பி வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று விடுகிறார்கள். அதன் மேல் ஓட்டினால் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் வைக்கோல் கயிறு போல் சுற்றிக்கொண்டு, உரசி உரசியே சூடேறும். கேட்டலிடிக் கன்வர்ட்டரின் சூடு சில நூறு டிகிரியைத் தொடும் என்பதால், களத்தில் வைக்கோல் மேலேயே வண்டியை நிறுத்திவிட்டு மூட்டை ஏற்றுவதும் தீக்கு இடம் கொடுப்பதுதான். அறுவடை மாதங்களில் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். ஏர் ஃபில்டரிலும் ரேடியேட்டரின் முன்பக்கத்திலும் உமித்தூசி அடைந்துகொள்ளும், அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பாரத்தையும் கணக்குப் பாருங்கள். இந்த வகை வண்டிகள் ஏறக்குறைய 750 கிலோ தாங்கக் கூடியவை; கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ என்றால் 18 மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது. 25 ஏற்றிவிட்டு ஸ்பிரிங் பட்டை முறிந்தது, பிரேக் பிடிக்கவில்லை என்று வருபவர்களுக்கு நான் எதைச் சரிசெய்து கொடுத்தாலும் அது நிலைக்காது.

பதில்: வேதாரண்யம், உப்பு ஏற்றுபவர்

பட்டறைக்கார அண்ணன் சொன்னதோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பிச் சாலையில் ஓடும்போது வண்டி பாதியில் நின்றுவிட்டால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரைக் கடந்த பிறகு மெதுவாகச் சிறிது தூரம் பிரேக்கை அழுத்தி அழுத்தி ஓட்டினால் டிரம் காயும். ஆக்சில் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் போயிருந்தால் கியர் ஆயிலையும் பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் ஆயிலையும் சோதித்து, கிராஸுக்கு (புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டு) கிரீஸ் அடிக்க வேண்டும்.

நான் உப்பளத்து வண்டி ஓட்டுபவன். இரும்பை உப்பு தின்பதைத் தடுக்க, மாற்றிய பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பக்கம் முழுவதும் பூசிவருகிறேன். தாங்களும் அப்படிச் செய்யலாம்.

பதில்: கும்பகோணம் பட்டறைக்காரர்

தண்ணீரைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. பழைய ஆயில் பூசுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன், தம்பி வருத்தப்படக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் புஷ்ஷும் குழாயும் ஊறி உப்பிவிடும். எண்ணெய்ப் பிசுக்கில் உமியும் வைக்கோல் தூசியும் ஒட்டிக்கொண்டு சைலன்சர் பக்கத்திலேயே பற்றிக்கொள்ளக் காத்திருக்கும். ஒவ்வொரு உப்பு நடைக்கும் பிறகு அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, அதற்கென்று விற்கும் அண்டர்கோட்டிங்கை அடித்துக்கொள்வதே முறை. கழுவும்போது பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். துரு செதிலாக உரிந்து வந்தால் அந்தப் பைப்பை உடனே மாற்ற வேண்டும். டீசல் கசிந்தால் தரையில் கறை தெரியும். பெட்ரோல் கசிந்து ஆவியாகிவிடும், வாடை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் சேர்க்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும் குணமுடையது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை இன்னும் கவனமாகப் பார்க்க இதுவும் ஒரு காரணம்.

பதில்: திருவாரூர் ஓட்டுநர்

எஃப்.சி.யையும் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்னும் சான்று) நினைவில் வையுங்கள். எட்டு ஆண்டு வரையுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பதில்: வலங்கைமான் விவசாயி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பிளக்குகளைக் கழற்றினேன். மூன்று காப்பி நிறத்தில் இருந்தன, மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அதன் காயிலின் ரப்பரை வளைத்துப் பார்த்தபோது மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்தது. அந்தக் காயிலையும் நான்கு பிளக்குகளையும் மாற்றிவிட்டு, இன்று காலை முழுப் பாரத்தோடு பாலத்தில் ஏறினேன், உதறல் இல்லை. திரும்பி வந்து அடியில் குனிந்து பார்த்தபோது, ஷாஃப்டின் பின்புறக் கிராஸைச் சுற்றி முந்தைய சொந்தக்காரர் காலத்து வைக்கோல் இறுகிக் கருகிப்போய் இருந்தது. அறுவாளால் அறுத்து எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. கிராஸில் சிறிது ஆட்டம் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வருகிறேன், ஐயா.