படுகையில் இறங்கிய மரகதப்புறா

குழு: கொள்ளிடக் கரை வீடு

மீனா அத்தை (காலை 7:12): பின்கட்டுக் கண்ணாடியில் ஒரு பறவை மோதி விழுந்துவிட்டது. உயிர் இருக்கிறது, கண்ணை மூடி மூடித் திறக்கிறது. புறா மாதிரிதான், ஆனால் இறக்கை பச்சைப்பசேல் என்று இருக்கிறது. கதிர், உடனே படத்தைப் பாருப்பா.

ராஜு சித்தப்பா: பச்சைப்புறாதானே அக்கா? ஐயனார் கோயில் ஆலமரம் பழுத்தால் கூட்டமாக வருமே.

கதிர்: இல்லை சித்தப்பா. அது மரத்தை விட்டு இறங்குவதே அபூர்வம், காலும் மஞ்சளாக இருக்கும். இதற்கு அலகும் காலும் சிவப்பு. இது மரகதப்புறா! நம் மாநிலப் பறவை. மலைக்காட்டில் தரையில் நடந்து மேய்வது. நம் பக்கம் வந்திருப்பதை நம்பவே முடியவில்லை.

கதிர்: அத்தை, வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, துணி விரித்து, உள்ளே வைத்து மூடுங்கள். இருட்டாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் யாரும் திறக்க வேண்டாம்.

அகிலா: வைத்துவிட்டோம் அத்தான். நான்தான் தூக்கினேன். கையில் கனமே தெரியவில்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது. வெயிலில் திருப்பினால் பச்சைக்குள் செம்பு மினுங்குகிறது. நெற்றி வெள்ளை, தலை சாம்பல்.

கதிர்: அப்படியானால் ஆண். பெண்ணுக்குத் தலை பழுப்பாக இருக்கும்.

அகிலா: அம்மாயி கேட்கிறார்கள், கம்பு போட்டு வீட்டிலேயே வளர்க்கலாமா என்று.

கதிர்: கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதுவும் இது மரங்களுக்கு நடுவே தாழ்வாக, அம்பு மாதிரி பாய்கிற பறவை. கண்ணாடியில் தெரிந்த நம் ஆற்றோரப் படுகையைக் காடு என்று நம்பித்தான் மோதியிருக்கும்.

ராஜு சித்தப்பா: அந்தப் படுகையைத்தான் தை பிறந்ததும் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். புதரை வெட்டி, சருகைக் கொளுத்திவிட்டுத் தேக்கு வைக்க வேண்டும்.

கதிர்: சித்தப்பா, கொஞ்சம் கேளுங்கள். உதிர்ந்த பழம், விதை, சருகுக்குள் இருக்கும் பூச்சி, கரையான், இதுதான் அதன் சாப்பாடு. கொளுத்தினால் எல்லாம் போச்சு. கூடும் பெரிதாகக் கட்டாது, பத்துப் பதினைந்து அடிக்குள் சிறு மரத்தில் நாலு குச்சி வைத்து இரண்டு முட்டை இடும். டெல்டாவில் காடு என்று மிஞ்சியிருப்பது கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்தி மாதிரி சில இடங்கள்தான். 2018 கஜா புயலில் அங்கேயும் எத்தனை மரம் சாய்ந்தது! மற்றதெல்லாம் வயல். இத்தனை வயலைத் தாண்டி வந்த பறவை ஒதுங்க நம் மூங்கில் கொத்துதான் கிடைத்திருக்கிறது. அதையும் வெட்டினால் மனசு ஆறாது.

ராஜு சித்தப்பா: தேக்குக் கன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேனே.

(காலை 8:05)

ராஜு சித்தப்பா: சரி. ஆற்றோரம் மூங்கில் இருக்கிற ஒரு மா நிலம் அப்படியே கிடக்கட்டும். அங்கே தீயும் வைக்க மாட்டேன். சீமைக்கருவேலத்தை எடுக்கலாம் இல்லையா?

கதிர்: தாராளமாக எடுங்கள். நாவல், அத்தி இரண்டையும் மட்டும் தொடாதீர்கள்.

அகிலா (காலை 8:40): படுகைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தோம். உடனே பறக்கவில்லை அத்தான். தலையை ஆட்டி ஆட்டிச் சருகில் இரண்டடி நடந்தது. ஒரு இலையைக் கொத்திப் புரட்டியது. அப்புறம் மூங்கிலுக்குள் விர்ரென்று போய்விட்டது.

மீனா அத்தை: மறுபடி மோதினால் என்ன செய்வது கதிர்?

கதிர்: கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மேலிருந்து கீழாகக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள் அத்தை. மூன்று விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம்.

மீனா அத்தை: அகிலா, கடைக்குப் போனால் சணல் கயிறு ஒரு கண்டு வாங்கி வா. இன்றைக்கே கட்டிவிடலாம்.